பெட்டைகளுக்கு நடுவே ஒரு சேவல்

அத்தியாயம் 11

லட்சம் கோழி இருக்கிற இடத்தில் இன்னொரு கோழியை ஒளித்துவைப்பது பெரிய காரியமில்லை என்று அத்தாயி நினைத்திருந்தாள்.

அந்த லட்சத்தில் ஒன்றுகூடச் சேவல் கிடையாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. முட்டைக்கோழிப் பண்ணை. கூண்டுக்குக் கூண்டு பெட்டைகள். பதினெட்டு வருஷமாக அவள் கைதான் அங்கே முட்டை எடுக்கிறது. ஆனால் கைக்குள் அடங்கும் குஞ்சாக வாங்கிவந்தபோது, இது கூவுகிற வயசுக்கு வருவதற்குள் காரியம் முடிந்துவிடும், கோயிலுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று நம்பினாள். தம்மம்பட்டிப் பக்கம், அவள் பிறந்த ஊர் முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் அது. மகள் வேலைக்குப் போனால் அறுப்பதாக வேண்டுதல். நேர்ந்துவிட்டதை விற்கக்கூடாது, மாற்றக்கூடாது, வேறு எங்கேயும் அறுக்கக்கூடாது.

பண்ணைக்கும் ஒரு சட்டம் உண்டு. உள்ளே குடியிருப்பவர்கள் வேறு எந்தப் பறவையும் வளர்க்கக்கூடாது. வெளிக்கோழியிலிருந்து சீக்கு ஒட்டிக்கொண்டால் லட்சமும் போய்விடும்.

இரண்டு சட்டத்துக்கும் நடுவில், ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டின் பின்புறம், உடைந்த தீவன டிரம்முக்குள் அந்தச் சேவல் வளர்ந்தது.

மகள் கலைமணிக்கு வேலையும் கிடைத்துவிட்டது. சேலத்தில், செவ்வாய்ப்பேட்டைக்குப் பின்னால், ஓர் ஆடிட்டர் ஆபீஸில். திங்கட்கிழமை காலை வந்து சேர வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆள் தயார் என்று பட்டென்று சொல்லியிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாடி முடிப்பதற்குள் பக்கத்துப் பண்ணையில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் சாகின்றன என்று செய்தி வந்து, வெள்ளிக்கிழமை கேட்டைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே.

இன்று ஞாயிறு.

கலைமணி பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள். பைக்குள் இரண்டு சுடிதார், பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டி, நடுவில் ஒரு சோப்புக் கட்டி வைத்து. கல்லூரிக்குப் போன மூன்று வருஷமும் அவள் துணியை அப்படித்தான் வைத்திருந்தாள். இல்லாவிட்டால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைத் திருப்புவாள். கோழி எச்சமும் கருவாட்டுத் தூள் தீவனமும் கலந்த அந்த வாசம், வெயிலில் காயப்போட்டாலும் போகாது, மழையில் நனைத்தாலும் போகாது.

கேட்டில் காத்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன்.

"தொறங்கண்ணா."

"பையோட எங்க சாமி கெளம்பீட்ட?"

"சேலத்துக்கு. நாளைக்கு வேலைல சேரோணும். நான் ஷெட்டுப் பக்கம் போயே வருசமாச்சு. என்ற மேல என்ன சீக்கு ஒட்டியிருக்கப் போகுது?"

"நீ போகலீன்னா? உங்கொப்பன் போறான். உங்காத்தா போறா. உங்கூட்டுக்குள்ள மட்டும் காத்து ரோசாப்பூ வாசமா அடிக்குதாக்கும்?" காத்தான் பல்லைக் காட்டினார். "என்னையப் பாரு. என்ற பொண்டாட்டி சோத்துத் தூக்குப்போசிய அந்தப் பக்கம் வெச்சுட்டு நிக்கறா, நான் இந்தப் பக்கம் நிக்கறேன். கலியாணமாகி இப்பத்தான் ரெண்டு பேரும் சண்டையில்லாம இருக்கறோம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம், புளியமர நிழலில், பண்ணையில் வேலை செய்யும் வடக்கத்திப் பையன்கள் சிலர் பெட்டியும் பையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள். உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். வெளியே போகத் துடிக்கிறவள் இங்கே, உள்ளே வரக் காத்திருக்கிறவர்கள் அங்கே. இடம் மாற்றிக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது.

பின்னால் கார் ஹாரன் கேட்டது. காத்தான் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினார். மருந்துக் குழாயை எடுத்து நாலு டயருக்கும் பீய்ச்சி அடித்தார். பூட்டு திறந்தது. பெரிய கேட் முழுசாகத் திறந்தது.

காரில் ஸ்ரீதேவி. சின்ன முதலாளி நவநீதனின் மனைவி. கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன கலை, பையெல்லாம்?"

"வேலை கெடச்சிருக்குங்க்கா. சேலத்துல. நாளைக்குச் சேரோணும். என்னைய பஸ் ஸ்டாண்டுல எறக்கி உட்டீங்கன்னா போதும்."

"அய்யோ! சூப்பர் கலை. ஆனா டாக்டர், லேபர் யாரையும் வெளிய விடக் கூடாதுன்னு சொல்லீட்டாரே."

"நான் லேபர் இல்லீங்க்கா."

"அட, அது எனக்குத் தெரியாதா? பொதுவா சொன்னேன்." ஸ்ரீதேவி நிஜமாகவே வருத்தப்பட்டாள். அவள் கெட்டவளில்லை. அதுதான் கலைமணிக்கு ஆத்திரமே. "நாமக்கல்லுதான் போறேன். உனக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வரட்டா? ஐஸ்க்ரீம்?"

கார் போனது. கேட் மூடியது. நேற்றுச் சாயங்காலம் இதே ஸ்ரீதேவி இரண்டாம் ஷெட்டுக்குள் போய், வெள்ளைக்கோழி ஒன்றைக் கையில் ஏந்தி, போட்டோ எடுத்துக்கொண்டதைக் கலைமணி வீட்டு வாசலிலிருந்தே பார்த்திருந்தாள். டயரில் மருந்தடித்தால் சாகிற கிருமி, காலில் அடித்தால் சாகாதாம். சீக்குக்குக்கூட ஆள் பார்த்து ஒட்டத் தெரிகிறது.

பையோடு திரும்பி நடந்தாள்.

லைன் வீடுகளுக்கு எதிரே நவநீதனும் கோழி டாக்டரும் நின்றிருந்தார்கள். கலைமணியின் அப்பா சின்னண்ணன் ஒரு செத்த கோழியைத் தலைகீழாகப் பிடித்து டாக்டருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அத்தாயி முட்டை அட்டைகளை இடுப்பில் அணைத்தபடி ஷெட்டிலிருந்து வந்தாள்.

அப்போது அது கூவியது.

முதல் கூவல். தொண்டை உடைகிற பையன் பாடியது மாதிரி, பாதியில் பிசிறடித்து நின்றது. லட்சம் பெட்டைகளின் ஓயாத கொக்கரிப்புக்கு மேலே அது தனியாக எழும்பித் தனியாக விழுந்தது.

டாக்டர் தலையைத் தூக்கினார். நவநீதன் மெதுவாகத் திரும்பினான்.

"சின்னண்ணா, அதென்ன சத்தம்?"

"மயிலுங்க," என்றார் அப்பா. "ஏரிப் பக்கமிருந்து வந்து எறங்குதுங்க. பெருந்தொந்தரவுங்க."

மறுபடியும் கூவியது. இந்தத் தடவை முழுசாக.

"மயிலு கொக்கரக்கோன்னு கத்துமா?"

அப்பா அத்தாயியைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. நவநீதன் யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் போனான். டிரம்மின் மேல் மூடியிருந்த சாக்கை ஒரு குச்சியால் தள்ளினான். சிவப்பும் கறுப்புமாக, காலில் மஞ்சள் கயிறு கட்டிய சேவல், வெளிச்சத்தைப் பார்த்ததும் கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டது.

"சாமிக்கு விட்டதுங்க," என்று அத்தாயி ஓடிவந்தாள். அட்டைகளைக் கீழே வைக்கக்கூட மறந்திருந்தாள். "முனியப்பனுக்கு விட்டதுங்க. புள்ளைக்கு வேலைக்காக. கேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயி யாருகிட்டயாவது குடுத்துடறேங்க. இங்க வேணாங்க, சாமி குத்தமாயிரும்."

"இனி இது வெளிய போகக்கூடாதுங்க," என்றார் டாக்டர் நவநீதனிடம். "இங்கயே அழிச்சுரோணும்."

நவநீதன் சின்னண்ணனைப் பார்த்தான். முப்பது வயசு நவநீதனுக்கு. ஐம்பதைத் தாண்டியவரைப் பார்த்து, "நீயே பண்ணீரு," என்றான்.

ஒரு நொடி யோசிப்பார் என்று கலைமணி நினைத்தாள். ஒரே ஒரு நொடி. அப்பா குனிந்தார், எடுத்தார், கழுத்தைத் திருகினார். இவ்வளவு சீக்கிரம் அவர் தன் வீட்டில் எந்த வேலையும் செய்து அவள் பார்த்ததில்லை. இறக்கைகள் கொஞ்ச நேரம் அவர் கையில் அடித்துக்கொண்டன. பிறகு செத்த கோழிகளைப் புதைக்கும் சுண்ணாம்புக் குழியை நோக்கி நடந்தார்.

அத்தாயி அழவில்லை. "போச்சு," என்று மட்டும் சொன்னாள். "இனி வேலை நிலைக்காது."

நவநீதன் கத்தியிருந்தால் பரவாயில்லை. அவன் கத்தவில்லை. அப்பா கை கழுவிவிட்டு வரும்வரை பொறுமையாக நின்றான்.

"எங்கப்பா காலத்துல இருந்து இருக்கறீங்க. அதுக்காகத்தான் பாக்கறேன். வேற எவனாச்சும் இருந்தா இன்னேரம் சாமானெல்லாம் ரோட்டுல கெடக்கும்."

"ஆமாங்க."

"கலை பி.காம் தானே?"

"ஆமாங்க."

"கணக்குப் பாக்கறவரு வெளிய மாட்டிக்கிட்டாரு. பசங்க கேட்டுல உக்காந்திருக்கறாங்க, ஒருத்தன உள்ள விட முடியல. பூட்டு எடுக்கற வரைக்கும் இருக்கற ஆளுகள வெச்சுத்தான் ஓட்டியாகோணும். நாளையிலிருந்து கலை ஆபீஸ்ல வந்து உக்காரட்டும்."

"நாளைக்கு நான் சேலம் போகோணுங்க," என்றாள் கலைமணி. "எனக்கு வேலை கெடச்சிருக்கு."

நவநீதன் அவளைப் பார்க்கவில்லை. அவள் அப்பாவிடமே பேசினான். "சேலத்துல போயி ஹாஸ்டல்ல கெடந்து, வாங்கற சம்பளத்த அங்கயே குடுத்துட்டு என்ன மிச்சம் பண்ணப் போறா? இங்க ஊட்டுச் சோறு. ஏசி ரூமு. பூட்டு எடுத்தப்புறமும் இருக்கட்டும். இந்தப் பண்ணையில வளந்த புள்ள, இந்தப் பண்ணைக்கு ஒத்தாசையா இருக்கறதுல என்ன தப்பு?"

"ஒண்ணும் தப்பில்லீங்க," என்றார் அப்பா.

"அப்பா!"

"உக்காருவாளுங்க."

"போறதுன்னாலும் நான் தடுக்கலப்பா," என்றான் நவநீதன். "ஆனா குடும்பத்தோட போகோணும். ஒருத்தி வெளிய, ரெண்டு பேரு உள்ளங்கறது எனக்கு ரிஸ்க்கு. போயிட்டா திரும்பி வர முடியாது. யோசிச்சுக்க."

யோசிக்க அதில் என்ன இருந்தது? கேட்டைத் திறந்துவைத்துவிட்டு, அதன் வாசலில் அப்பா அம்மாவைக் குறுக்கே படுக்கவைத்துவிட்டு, தாண்டிப் போ என்கிறான்.

வீட்டுக்குள் வந்ததும் பையைச் சுவரில் எறிந்தாள்.

"யாரக் கேட்டுச் சொன்னீங்க?"

அப்பா சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார். "யாரக் கேக்கோணும்?"

"என்னையக் கேக்கோணும். படிச்சது நானு. இண்டர்வியூக்குப் போனது நானு. உக்காருவாளுங்கன்னு சொல்றதுக்கு நான் என்ன அந்த ஆபீஸ் நாற்காலியா?"

"சத்தம் போடாத. பக்கத்தூட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். அந்தாளுக்கு உங்க மகன் வயசுதான் இருக்கும். பேரச் சொல்லி நீ வாங்கறான், ஆமாங்கங்கறீங்க. சேவலக் கொல்லுங்கறான், கொல்றீங்க. மகளக் குடுங்கறான், குடுக்கறீங்க."

அப்பாவின் முகம் சுருங்கியது. "ஆமா, குடுக்கறேன். வேற எங்க போயி நிக்கறது, சொல்லு. என்ற ஊர்ல இருந்த ஊடு இடிஞ்சு வேலாமுள்ளு மொளச்சுக் கெடக்குது. ரேசன் கார்டுல இந்தப் பண்ணை. ஆதார்ல இந்தப் பண்ணை. இந்தத் தகரக் கதவுக்கு வெளிய நமக்குன்னு ஒரு அடி மண்ணில்ல. நீ படிச்சதே இங்க உக்காந்துதான்."

"நான் வாடகைக்கு ஊடு புடிக்கறேன்."

"அட்வான்ஸ் எதுல குடுப்ப? மொத மாசச் சம்பளம் வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் எங்க படுக்கறது? ஆடிட்டர் ஆபீஸ் வாசல்லயா?"

அந்தக் கேள்விதான் அவளை எரித்தது. டிகிரி வாங்கியிருக்கிறாள், லாப நஷ்டக் கணக்கு போடத் தெரியும், இந்தக் கேள்விக்கு மட்டும் விடை தெரியாது. கல்லூரியில் முதல் நாள், எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டபோது பண்ணையின் பெயரைச் சொன்னாள். ஓனர் பொண்ணா என்று கேட்டு ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். பிறகு கலைமணியின் செருப்பைப் பார்த்தாள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மூலையில் சுவரோடு சாய்ந்து அத்தாயி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நீயாவது சொல்லேன்."

அத்தாயி நிமிரவில்லை. சேவல் போன துக்கத்தில் இருக்கிறாளா, மகள் மேல் கோபமா, ஒன்றும் விளங்கவில்லை.

செல்போன் அடித்தது. ஜெர்லின். கல்லூரித் தோழி, சேலத்துக்காரி. ஹாஸ்டலில் இடம் பிடித்துக் கொடுத்தவள்.

"ஏய், எங்கடி இருக்க? வார்டன் கேட்டுட்டே இருக்காங்க. சாயந்தரத்துக்குள்ள வரலன்னா உன் கட்டில வேற பொண்ணுக்குக் குடுத்துடுவாங்களாம். வருவல்ல?"

கலைமணி அப்பாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வாரேன்டி. செவுரு ஏறிக் குதிச்சாவது வாரேன். நாளைக்குக் காலைல ஆபீஸ்ல இருப்பேன்."

போனை வைத்தாள்.

அப்பா சொம்பைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கதவு அவருக்குப் பின்னால் மூடியது. வழக்கமாக அந்தத் தகரக் கதவு மூடினால் கொஞ்சம் திறந்துகொள்ளும். இன்று திறக்கவில்லை. வெளித் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

"அப்பா?"

"நாளைக்கு நீ வேலைல சேர்ற நேரம் தாண்டட்டும். அப்பறம் தொறக்கறேன்." குரல் உடைந்திருந்தது. "எங்கள நடுத்தெருவுல நிறுத்தீட்டுப் போயிராத சாமி."

அவர் அழுகிறார் என்று தெரிந்தது. தெரிந்ததும் கோபம் இரண்டு மடங்கானது. பூட்டுகிறவன் அழுதுகொண்டே பூட்டினால், உள்ளே இருக்கிறவள் யாரைத் திட்டுவது? கதவை ஓங்கி ஓங்கி அடித்தாள். தகரம் அதிர்ந்தது. லைன் வீடுகளில் பேச்சு நின்றது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வந்து திறக்கவில்லை. அவர்கள் வீட்டுக் கதவும் இதே தகரம்தான்.

கை வலித்ததும் கதவடியிலேயே உட்கார்ந்தாள். வெயில் கூரையின் சிமெண்ட் சீட்டைச் சுட்டு இறங்கியது. பஸ் சத்தம் தூரத்து நெடுஞ்சாலையிலிருந்து கேட்டது. சேலத்துக்குப் போகிற பஸ்ஸாக இருக்கலாம்.

மத்தியான முட்டை எடுப்புக்கு மணி அடித்தார்கள்.

அத்தாயி எழுந்தாள். முந்தானையைச் செருகினாள். கதவுக்கு வந்தாள். கலைமணி நகர்ந்து வழிவிட்டாள். இனி அம்மா குரல் கொடுப்பாள், அப்பா வந்து திறப்பார், அம்மா வேலைக்குப் போவாள், மறுபடியும் தாழ்ப்பாள் விழும். எத்தனை சேவல் செத்தாலும் முட்டை எடுத்தாக வேண்டுமே.

அத்தாயி கையை உயர்த்தி உள் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"அம்மா, என்ன பண்ற?"

"நீ சும்மா இரு."

வெளியே காலடிச் சத்தம். "அத்தாயி, மணி அடிச்சுப் போட்டாங்க, வா." வெளித் தாழ்ப்பாளை நீக்கினார். தள்ளினார். கதவு அசையவில்லை. "ஏ புள்ள, என்ன உள்ள போட்டுருக்குது?"

"நான் வரலைங்க."

"வரலியா? வரலீன்னா என்ன அர்த்தம்? நாலாம் நம்பர் ஷெட்டு முழுசும் உன்ற கையிலதான இருக்குது?"

"இருக்கட்டும். வேற ஆள வெச்சு எடுக்கச் சொல்லுங்க."

"வேற ஆளு எங்கிருந்து வரும்? கேட்டத்தான் பூட்டி, ஒருத்தனையும் உள்ளார உடாம..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டவர் மாதிரி.

"ஆமாங்க," என்றாள் அத்தாயி. குரலில் சூடு இல்லை, அவசரமும் இல்லை. "பூட்டித்தான் கெடக்கு. நம்மள வெளிய தள்ளினா அவங்களுக்கும் ஆளு இல்ல. புள்ளைக்கு மட்டும் கேட்டத் திறக்கச் சொல்லுங்க. அவ பஸ் ஏறிட்டான்னு தெரிஞ்சதும் நான் ஷெட்டுக்கு வரேன்."

கலைமணி அம்மாவையே பார்த்தாள். அம்மாவின் கை தாழ்ப்பாளை விடவில்லை.

பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து அங்கம்மாளின் குரல் வந்தது. மூன்றாம் ஷெட்டுக்காரி. "அத்தாயிக்கா, நீங்க போகலீங்களா? அப்ப நானு போகட்டுமா, வேண்டாமா?"

அத்தாயி பதில் சொல்வதற்குள் நவநீதனின் புல்லட் சத்தம் லைனுக்குள் நுழைந்து, அவர்கள் வாசலில் வந்து நின்றது.

"என்ன சின்னண்ணா, முட்டையெல்லாம் அப்படியே கெடக்குது? கதவத் தொறக்கச் சொல்லு."

கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம். அதில் அப்பாவின் வெறுங்கால்கள் தெரிந்தன, கதவைப் பார்த்தபடி. சுண்ணாம்புத் தூள் விரலிடுக்கில் இன்னும் வெள்ளையாக இருந்தது.

கலைமணி தரையோடு கன்னத்தை வைத்து அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவை மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக, கதவுக்குக் குதிகாலைக் காட்டி, வழியை மறித்து, நவநீதன் பக்கம் திரும்பி நின்றன.